கையடக்க ஜிபிஎஸ்: மலைக்கும் குகைக்கும் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையேற்றக் குழுவில் கையடக்க ஜிபிஎஸ் கருவியை வெளியே எடுத்தாலே சில கேள்விகள் வரும். மேகாலயாவுக்குக் குகை பார்க்கக் கிளம்புகிறவர்களிடமிருந்து இன்னும் சில வரும். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான், கேட்கிற ஆள்தான் வேறு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். உதாரணங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் மேகாலயாவின் காசி, ஜைந்தியா மலைகளிலிருந்தும் வருகின்றன. இந்தியாவின் மிக நீளமான குகைகள் அந்த மலைகளில்தான் இருக்கின்றன.

1. அண்ணா, போன்லயே ஜிபிஎஸ் இருக்கே, தனியா ஒன்னு எதுக்கு?

காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு, பாதை தெளிவாக இருந்தால், போன் போதும். இடத்தைச் சரியாகக் காட்டுவதில் இன்றைய நல்ல போனுக்கும் கைக்கருவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துல்லியத்தை மட்டும் நம்பிக் காசு போட்டு ஏமாந்தவர்கள் உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வித்தியாசம் மழையில் தெரியும். திரை நனைந்தால் போன் தன் இஷ்டத்துக்கு ஓடும். சேறு படிந்த கையுறையோடு தொட்டால் அசையவே அசையாது. பொத்தான் வைத்த கருவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் பேட்டரி. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. தீர்ந்தால் அடுத்த ஜோடியைப் போட்டுக்கொள்ளலாம். போன் தீர்ந்தால் வரைபடம், டார்ச், அவசர அழைப்பு எல்லாம் ஒன்றாகப் போய்விடும். வழி பார்க்க ஒன்று, உதவிக்கு அழைக்க இன்னொன்று என்று பிரித்து வைப்பதற்காகவே தனிக் கருவி வாங்கச் சொல்வேன்.

2. டவரே இல்லாத காட்டுல இது எப்படி வேலை செய்யும்? சிம் போடணுமா?

சிம்மும் வேண்டாம், டவரும் வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டு, அலை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். உங்கள் இடத்தின் மூன்று அளவுகளுக்கும் கருவியின் கடிகாரப் பிழைக்குமாகச் சேர்த்து நான்கு. போனும் ஏரோபிளேன் மோடில் இதையே செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் அணைத்த கருவியை ஷில்லாங்கில் போட்டால் முதல் முறை இடம் பிடிக்க நேரமாகும். கருவி பழுது என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாக் கோள்களின் முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். போன் இந்த விவரத்தை இணையத்தில் எடுத்துக்கொள்வதால் வேகமாகத் தெரிகிறது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் கருவியைத் திறந்த வானத்தின் கீழே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது தயாராக இருக்கும்.

3. குகைக்குள்ள ஜிபிஎஸ் எடுக்குமா?

எடுக்காது. எந்த விலைக் கருவியும் எடுக்காது. தரைக்கு வந்து சேரும்போதே செயற்கைக்கோளின் அலை மிகவும் பலவீனமாக இருக்கிறது. சில மீட்டர் பாறையும் ஈர மண்ணும் அதை முழுசாக விழுங்கிவிடும். உள்ளே போன பிறகும் திரையில் இடம் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். அது கடைசியாகக் கிடைத்த இடம், அல்லது கருவியின் ஊகம்.

வாசலிலேயே ட்ராக் பதிவை, அதாவது நடந்த வழியைக் கோடாகப் பதிவதை, நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் கோப்பைத் திறக்கும்போது குகை வாயைச் சுற்றிக் குழந்தை கிறுக்கியது போலக் கோடுகள் இருக்கும், உண்மையான பாதை எது என்று பிரிக்க முடியாது.

4. அப்போ குகைக்குப் போறவங்க எதுக்கு இதைத் தூக்கிட்டுப் போறாங்க?

குகையின் வாய் எங்கே இருக்கிறது என்பதற்காக. மேகாலயாவில் பல குகைகளின் வாய் அடர்ந்த காட்டுக்குள், நிலம் உள்வாங்கிய குழியின் அடியில், ஒரு ஆள் நுழையும் அளவே இருக்கும். வழி தெரிந்த ஊர்க்காரர் கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் போய்விடுவீர்கள். அடுத்த வருடம் புல்லும் கொடியும் மண்டிய பிறகு, நீங்களாகத் தேடினால் நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. காசி மொழியில் குகையை ‘க்ரெம்’ என்பார்கள். ஜைந்தியா மலையில் ஷ்னாங்ரிம் முகட்டுக்கு அடியில் இருக்கும் க்ரெம் லியாட் ப்ரா 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அது ஒரே வாயில் நுழைந்து ஒரே மூச்சில் அளந்த குகை அல்ல. தனித்தனியாக அறியப்பட்ட குகைகளுக்கு நடுவே இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துத்தான் அது அவ்வளவு நீளமானது. ஷில்லாங்கைச் சேர்ந்த மேகாலயா அட்வென்ச்சரர்ஸ் அசோசியேஷன், ஐரோப்பியக் குகையாளர்களோடு சேர்ந்து 1992 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. இந்தக் குகையின் மூலை அந்தக் குகையின் மூலைக்கு எவ்வளவு பக்கம் என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று முடிவெடுக்க முடியும். அதற்கு எல்லா வாய்களும் ஒரே வரைபடத்தில், சரியான இடத்தில் உட்கார வேண்டும். ஒரு வாயை 40 மீட்டர் தள்ளிப் பதிந்தால், அதற்குப் பின்னால் அளந்த மொத்தக் குகையும் 40 மீட்டர் தள்ளிப் போய்விடும்.

5. ஸ்க்ரீன்ல 3 மீட்டர்னு காட்டுது, ஆனா 20 மீட்டர் தள்ளி நிக்கிறேன். ஏன்?

அந்த 3 மீட்டர் கருவியின் சுயமதிப்பீடு, உத்தரவாதம் அல்ல. பெரும்பாலான நேரம் இந்த வட்டத்துக்குள் இருப்பேன் என்கிறது. எப்போதும் என்று சொல்லவில்லை. திறந்த மேட்டில் அது ஏறக்குறைய உண்மை. பள்ளத்தாக்கில் அலை எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சுற்றுவழித் தூரத்தையும் நேர்த்தூரம் என்று கருவி நம்பிவிடும். நனைந்த இலைக் கூரையும் அலையைக் குறைக்கும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசை கேட்கும் புதிய கருவிகள் இந்த எதிரொலியை நன்றாகச் சமாளிக்கின்றன. காட்டுக்குள் வேலை என்றால் அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை.

பிடிக்கும் விதமும் முக்கியம். ஜிபிஎஸ்மேப் 64 போல மேலே கட்டையான ஆண்டெனா நீட்டியிருக்கும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஈட்ரெக்ஸ் போன்ற தட்டை ஆண்டெனா கருவியை வானம் பார்க்கப் படுக்கவைக்க வேண்டும். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு துல்லியம் இல்லை என்று சொல்லக் கூடாது.

6. நண்பர் அனுப்பின லாட்-லாங்கைப் போட்டேன், 30 கிலோமீட்டர் தள்ளி வேற மலையைக் காட்டுது!

லாட்-லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) எண் சரி, எழுதிய வடிவம் தப்பு. 11.4102 என்பது பாகையைத் தசமத்தில் எழுதியது. 11° 41.02′ என்பது பாகையும் கலையும். இரண்டையும் வாயால் சொன்னால் ‘பதினொன்னு நாற்பத்தொன்னு சைபர் ரெண்டு’ என்றுதான் கேட்கும்; தரையில் 30 கிலோமீட்டர் வித்தியாசம். போனில் சொல்லி எழுதிக்கொள்ளும்போது இது நிறைய நடக்கிறது. தேடுதல், மீட்பு நேரத்தில் நடந்தால் ஆளின் உயிருக்கே ஆபத்து.

குழுவில் எல்லோர் கருவியையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். தசமப் பாகைதான் எனக்குப் பிடித்தது. ஐந்தாவது தசம இடம் சுமார் ஒரு மீட்டர், அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. யூடிஎம் கட்டத்தில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) எழுதினால் மண்டல எண்ணைச் சேர்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டுக்கு நடுவே 78° தீர்க்கரேகை ஓடுகிறது: நீலகிரி 43-ஆம் மண்டலம், கொல்லிமலை 44. மண்டலம் எழுதாத யூடிஎம் எண் பாதி முகவரிதான்.

7. பழைய டோப்போ ஷீட்ல இருந்து எடுத்த இடம் எப்பவும் கொஞ்சம் தள்ளியே விழுது, கருவி கோளாறா?

இல்லை, டேட்டம் வேறு. பூமியை எந்த வடிவமாக, எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்ற அடிப்படைக்குத்தான் டேட்டம் என்று பெயர். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட்கள் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்கள்) எவரெஸ்ட் கோளவடிவத்தை வைத்து வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. ஒரே லாட்-லாங் எண் இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் ஏறக்குறைய 200 மீட்டரும், மேகாலயாவில் 300 மீட்டர் அளவுக்கும் நகரும். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட்கள் டபிள்யூஜிஎஸ் 84-இல் இருப்பதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

கருவியின் டேட்டம் பட்டியலில் ‘இந்தியன்’ என்று தொடங்கும் பெயர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும், தவறானதைத் தொட்டுவிடுவது சுலபம். கருவியை டபிள்யூஜிஎஸ் 84-இலேயே விட்டுவிட்டு, மாற்றுவதைக் கணினியில் செய்யுங்கள். பழைய ஷீட்டில் இருக்கும் ஒரு பாலத்தையோ சாலைச் சந்திப்பையோ நேரில் பதிந்து ஒப்பிட்டால், எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்று கையோடு தெரிந்துவிடும்.

8. மெரினாவுல நின்னு பார்த்தா ஒரு ஆப் கடல்மட்டத்துக்குக் கீழ 80, 90 மீட்டர்னு காட்டுது. இது என்ன கூத்து?

ஆப் பொய் சொல்லவில்லை. செயற்கைக்கோள் அளப்பது கணிதத்தில் வரையறுத்த ஒரு வழவழப்பான பூமியிலிருந்து உயரம். நிஜக் கடல்மட்டம் ஈர்ப்புவிசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கடல்மட்டத்தின் இந்தப் பள்ளங்களில் உலகிலேயே ஆழமானது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். நம் தென்னிந்தியா அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருப்பதால் இந்த வித்தியாசம் இங்கே பெரியதாகத் தெரிகிறது. கைக்கருவிகள் இதற்கான திருத்தத்தை உள்ளேயே வைத்திருக்கும். சில போன் ஆப்கள் திருத்தாமல் காட்டும்.

திருத்திய பிறகும் ஜிபிஎஸ் உயரம், கிடைமட்ட இடத்தைவிடக் கூடுதலாகத் தவறும். பாரோமீட்டர் உள்ள கருவி இதில் நல்லது. ஆனால் வானிலை மாறினாலே அது ஏறி இறங்கும். காற்றழுத்தத்தில் ஒரு மில்லிபார் மாற்றம் சுமார் 8 மீட்டர் உயரத்துக்குச் சமம். உயரம் எழுதிய இடம் கிடைக்கும்போதெல்லாம் சரிசெய்துகொள்ளுங்கள்.

9. ‘கோ டு’ அம்பு காட்டின வழியிலயே போனோம், முன்னால பெரிய பள்ளம்!

போக வேண்டிய இடத்துக்கு அந்த அம்பு காட்டுவது பறவை போகும் வழி. நடுவில் இருக்கும் பள்ளமும் பாறையும் அதற்குத் தெரியாது. போகும்போது ட்ராக் பதிந்திருந்தால், திரும்பும்போது அம்பை விட்டுவிட்டு அந்தக் கோட்டையே பிடித்து வாருங்கள். பாதை பிரியும் இடம், ஆற்றைக் கடந்த இடம், தண்ணீர் கிடைத்த இடம் ஆகியவற்றை வேபாயின்ட்டாகப் (கருவியில் சேமிக்கும் புள்ளியாக) போடுங்கள். பெயரையும் அங்கேயே வையுங்கள். 001, 002 என்று விட்டால் இரவில் எது எது என்று தெரியாது.

10. ஒரே பாதையில நாலு பேர் நடந்தோம், நாலு தூரம் காட்டுது. எது சரி?

எதுவும் முழுச் சரி இல்லை. நீங்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிடும்போதும் கருவியின் புள்ளி சில மீட்டர் அலைந்துகொண்டே இருக்கும், அந்த அலைச்சலும் தூரத்தில் சேரும். எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி பதிகிறது என்பதைப் பொறுத்தும் வளைவுகள் கூடும், குறையும். நீண்ட ஓய்வில் பதிவை நிறுத்தி வைத்தால் வித்தியாசம் குறையும்.

11. பேட்டரி எது நல்லது?

ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ தினசரி வேலைக்கு; குளிருக்கும் எடை குறைக்கவும் லித்தியம் ஏஏ. எதைப் போட்டாலும் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் உள்ளேயே கசிந்தால் கருவி போய்விடும். திசைமானி உள்ள மாடல்களில் பேட்டரி மாற்றியதும் திசைமானியையும் ஒருமுறை சரிசெய்யுங்கள்.

12. செகண்ட் ஹேண்ட்ல பழைய கருவி வாங்கினேன். இடம் சரியா காட்டுது, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால இருக்கு.

ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு அது நடந்தது, அடுத்தது 2038-இல். பழைய மென்பொருளுக்கு எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தெரியாது. இடம் கணிப்பதை இது கெடுக்காது. ஆனால் ட்ராக்கில் தேதி தப்பாக விழும், புகைப்படங்களோடு பொருத்த முடியாது. மென்பொருள் புதுப்பிப்பு கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் தேதியை நோட்டில் எழுதுங்கள்.

13. சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவியை ஃபாரின்ல இருந்து வாங்கிட்டு வரலாமா சார்?

வேண்டாம். இரண்டாம் பதிலில் சொன்னபடி, சாதாரண ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. செயற்கைக்கோளுக்குப் பேசும் கருவியை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இப்படிப்பட்ட கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2024 இறுதியில்கூட விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். வாங்கும்போது மாடல் பெயரைக் கவனியுங்கள்: ஜிபிஎஸ்மேப் 67 வெறும் ஜிபிஎஸ், பெயரின் கடைசியில் ஆங்கில ‘ஐ’ எழுத்து சேர்ந்த மாடல் செய்தி அனுப்பும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதற்கு மாற்றாகக் குகையாளர்கள் காலங்காலமாகச் செய்வது: எந்தக் குகை, எந்த வாய், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்று எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. அந்த நேரம் தாண்டினால் அவர் ஆட்களைக் கூப்பிடுவார். எந்தக் கருவி வாங்கினாலும் இதை விடாதீர்கள்.

14. குகை வாய் பாறைக்கு அடியில இருக்கு. அங்க நின்னா எண் ஆடிக்கிட்டே இருக்கு, எதை எழுதறது?

அங்கே எதையும் எழுதாதீர்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன எல்லாத் தொல்லையும் அந்த ஓர் இடத்தில் கூடியிருக்கிறது: பாதி வானம் மறைவு, பின்னால் பாறை, மேலே மரம். வானம் திறந்திருக்கும் பக்கத்து மேட்டுக்குப் போங்கள். அங்கே அசையாத ஒரு பாறையில் குறி வைத்து, கருவியின் சராசரி எடுக்கும் வசதியில் பதியுங்கள். போகும்போது ஒரு முறை, வெளியே வந்த பிறகு ஒரு முறை என்று ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுத்தால் கோள்கள் இடம் மாறியிருக்கும், சராசரிக்கு அர்த்தம் இருக்கும். ஒரே நிற்பில் நூறு அளவு எடுத்தால் ஒரே பிழையை நூறு தடவை எடுத்ததாகத்தான் ஆகும்.

பிறகு அந்தப் பாறையிலிருந்து குகை வாய் வரை டேப்பும் திசைமானியும் வைத்து, உள்ளே அளப்பது போலவே அளந்து இறங்குங்கள். அதிக நேரம் ஆகாது. நோட்டில் எண்ணோடு டேட்டம், வடிவம், தேதி, கருவி காட்டிய துல்லியம், எந்தப் பாறை என்ற ஒரு சின்னப் படம் எல்லாம் இருக்கட்டும். பல வருடம் கழித்து இன்னொருவர் அந்த நோட்டைப் பார்த்து அதே வாயில் வந்து நிற்க முடிய வேண்டும்.

15. உள்ள அளந்ததையும் வெளிய எடுத்த ஜிபிஎஸ்ஸையும் சேர்த்தா, ரெண்டாவது வாய் பொருந்த மாட்டேங்குது. எங்க தப்பு?

முதலில் இரண்டு வாயிலும் 14-ஆம் பதில்படி பதிந்தீர்களா என்று பாருங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் ‘வடக்கு’தான் காரணம். உள்ளே திசைமானி காட்டுவது காந்த வடக்கு. வரைபடக் கட்டத்தின் வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு. சோஹ்ராவை, அதாவது சிரபுஞ்சியை எடுத்துக்கொள்வோம். அது யூடிஎம் 46-ஆம் மண்டலத்தில், அதன் நடுரேகையான 93°-க்கு மேற்கே இருப்பதால் கட்ட வடக்கும் உண்மை வடக்கும் அரைப் பாகைக்குச் சற்று மேல் விலகுகின்றன. ஒரு கிலோமீட்டர் நேராக ஓடும் குகையில் அதுவே 10 மீட்டர் ஆகிவிடும். காந்த விலக்கம், அதாவது காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு, வருடத்துக்கு வருடம் மாறுவதால், பழைய அளவுகளுக்கு அந்தந்த வருடத்தின் எண்ணைப் போட வேண்டும். சர்வெக்ஸ், தெரியான் போன்ற மென்பொருளில் தேதியையும் கட்ட முறையையும் சரியாகக் கொடுத்தால் அவையே திருத்திக்கொள்ளும்.

மீதிப் பிழை இரும்பில் இருக்கும். டிஸ்டோஎக்ஸ் போன்ற மின்னணு அளவுக்கருவிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் விளக்கின் பேட்டரி, எஃகு காரபினர் (கயிறு மாட்டும் கொக்கி), கைக்கடிகாரம் வந்தாலே திசை விலகும். முன்னும் பின்னும் இரண்டு பக்கமிருந்தும் அளந்தால் இது பிடிபடும். எல்லாம் செய்த பிறகும் அளந்த நீளத்தில் 1 சதவீதம் வித்தியாசம் வந்தால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

16. உள்ள நிக்கிற இடத்துக்கு நேர் மேல தரையில எந்த இடம்னு கண்டுபிடிக்க வழியே இல்லையா?

இருக்கிறது, ஜிபிஎஸ் இல்லாமல். குகைக்குள் ஒரு கம்பிச் சுருளைச் சமமாக வைத்து, குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை உண்டாக்குவார்கள். அந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் பாறையை ஊடுருவும். மேலே இன்னொரு சுருளோடு நடப்பவர், புலம் செங்குத்தாக இருக்கும் புள்ளியைத் தேடுவார். அதுதான் நேர் மேலே. அந்தப் புள்ளியை ஜிபிஎஸ்ஸில் பதிந்தால், உள்ளே அளந்த வரைபடத்தைச் சரிபார்க்கத் தனியாக ஒரு சாட்சி கிடைக்கிறது. மீட்பு வேலையிலும், குகைக்கு மேல் எங்கே சாலையோ சுரங்கமோ வருகிறது என்று காட்டவும் இது உதவும்.

17. புதுசா ஒரு குகை பார்த்தோம், லாட்-லாங்கோட நெட்ல போடலாமா?

போடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். மேகாலயாவில் குகை இருக்கும் நிலம் ஊருக்கோ குலத்துக்கோ குடும்பத்துக்கோ சொந்தமானது. ஊர்த் தலைவரான ரங்பா ஷ்னாங்கைப் பார்த்து அனுமதி வாங்கித்தான் உள்ளே போயிருப்பீர்கள்; அந்த அனுமதி உங்களுக்குக் கொடுத்தது, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு அல்ல. வௌவால் கூட்டமும் ஆயிரக்கணக்கான வருடமாக வளர்ந்த சுண்ணப் படிவும் ஒரே சீசனில் நாசமாகிவிடும். க்ரெம் மாம்லுவில் எடுத்த ஒரு படிவை வைத்துத்தான் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியை அடையாளம் கண்டு, 2018-இல் நிலவியல் காலகட்டம் ஒன்றுக்கே ‘மேகாலயன்’ என்று பெயர் வைத்தார்கள். யாரோ நினைவுக்கு ஒன்று என்று உடைத்து எடுத்துப்போவது அப்படிப்பட்ட ஆதாரமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுக் காட்டுப் பாதைகளுக்கும் இதே கவனம் வேண்டும். 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. நீங்கள் போட்ட ட்ராக்கை நம்பி அனுமதியில்லாமல் ஒருவர் கிளம்பலாம். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், ட்ராக்கும் வேபாயின்ட்டும் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்து குகை வேபாயின்ட்களை நீக்குங்கள். அது மட்டும் போதாது, ட்ராக்கின் கடைசிப் பகுதியையும் வெட்டுங்கள். கோடு போய் முடியும் இடமே வாயைக் காட்டிக்கொடுத்துவிடும். போனில் எடுத்த படங்களுக்குள்ளும் இடத்தின் எண் ஒளிந்திருக்கும், பதிவேற்றும் முன் அதையும் அழித்துவிடுங்கள்.